பின்பருவப் பூப்பயிர்: நாளை எண்ணி விதைக்கும் முறை

மேல்பட்டாம்பாக்கம் வட்டாரத்துச் சங்கமொன்றின் கடன் பேரேட்டைப் பரிசீலித்துக் கொண்டிருந்தபொழுது, தவணை தவறிய கணக்குகளுள் ஒன்று என் கண்ணிற் பட்டது. கடன் பெற்ற அங்கத்தினர் நாணயமானவர். அதற்கு முன் ஒரு தவணையையும் தவறவிட்டதில்லை. காரணம் கேட்டேன். ஆற்றோரத்தில் இருபது சென்ட் நிலத்தில் செண்டுமல்லி பயிரிட்டதாகவும், பொங்கலுக்குப் பூ வரவேண்டும் என்று ஐப்பசி நடுவிலேயே நாற்றை நட்டதாகவும், கார்த்திகை வெள்ளம் ஐந்து நாள் நிலத்தில் நின்றதில் செடிகள் யாவும் வேர் அழுகிப் போயினவென்றும் அவர் சொன்னார். “ஐயா, விதை கெட்டதா, எரு குறைந்ததா, ஒன்றும் புரியவில்லை” என்றார். விதையும் கெடவில்லை, எருவும் குறையவில்லை. நட்ட நாள்தான் தவறிற்று.

பூப்பயிரில் நாள் என்பது விதைக்கும் எருவுக்கும் நிகரான முதல். இதனை நம் அங்கத்தினர்கள் தெளிவாக உணர்ந்து, அடுத்த பருவத்தில் கைக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணத்துடன் இப்பாடம் எழுதப்படுகிறது. பயிர் செய்வோருக்கு மட்டுமின்றி நெசவாள அங்கத்தினர்களுக்கும் இதிற் பங்குண்டு. அது பின்னே விளங்கும்.

1. நமது பருவம்

குளிர் நாடுகளில் பின்பருவப் பூ என்றால் பனி விழுமுன் இலையுதிர் காலத்தில் மலர்வது. நமக்குப் பனி பகையன்று, மழையே பகை. கடலூர் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில், வடகிழக்குப் பருவக் காற்றினால் பெய்கிறது. மேல்பட்டாம்பாக்கத்துக்கு வடக்கே தென்பெண்ணையும் தெற்கே கெடிலமும் ஓடுகின்றன. மேட்டுப் பிரதேசத்தில் பெய்யும் மழையும் இவ்விரு ஆறுகளின் வழியாக நம்மிடமே வந்து சேருகின்றது.

கடந்த சில ஆண்டுகளை நினைவுகூர்வோம். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் அடியோடு சாய்ந்தன. 2015-இல் நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெருவெள்ளம் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு ‘ஃபெங்கல்’ புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. அதனைத் தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேற்பட்ட நீர் திறந்துவிடப்பட, தென்பெண்ணை கரைபுரண்டு ஓடிற்று.

இவற்றால் நாம் அறிய வேண்டுவது யாது? தாழ்ந்த நிலத்தில் ஐப்பசியிலும் கார்த்திகை முற்பகுதியிலும் பூநாற்றை நடுவது, கடன் வாங்கிய பணத்தை ஆற்றில் விடுவதற்கு ஒப்பாகும். மழை ஓய்ந்தபின் நட்டு, மாசி பங்குனியிற் பறிக்கும் பயிரே நமக்குரிய பின்பருவப் பூப்பயிர். சித்திரை வெயில் முற்றினால் பூ சிறுத்துவிடும். ஆகவே நமக்குக் கிடைக்கும் காலம் தை பிற்பகுதி முதல் பங்குனி முடிய ஏறக்குறைய எழுபது நாள்களே. அந்த எழுபது நாள்களையும் பயன்படுத்தத் தெரிந்தவனே பூவில் இலாபம் காண்பான்.

2. நாளைப் பின்னோக்கி எண்ணுதல்

நெல்லை விதைத்துவிட்டு அறுவடை நாளை எதிர்பார்க்கலாம், நெல் காத்திருக்கும். பூ ஒரு நாளும் காத்திராது. திருவிழாவுக்கு மறுநாள் மலர்ந்த பூவைக் கேட்பாரில்லை. எனவே பூப்பயிர் செய்வோர் விற்பனை நாளை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்கும் நாளைக் காணுதல் வேண்டும்.

செண்டுமல்லிக்கு நாற்று 30 நாள். நட்டபின் 60-ஆம் நாள் முதற் பறிப்பு. முதற் பறிப்புகள் சிறிதாகவே இருக்கும். நிறைந்த பூ வருவதற்கு மேலும் பத்து நாள் சேர்த்துக்கொள்க. ஆக, விற்பனை நாளுக்கு 100 நாள் முன்பு விதைத்தல் வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். வடலூரில் 1872-இல் ஏற்பட்ட சத்திய ஞான சபையில் தைப்பூசச் சோதி காண வரும் கூட்டத்தை நாம் அறிவோம். 2025-இல் தைப்பூசம் பிப்ரவரி 11. 2026-இல் பிப்ரவரி 1. நூறு நாளைக் கழித்தால், முன்னதற்கு நவம்பர் 3-ஆம் தேதியும் பின்னதற்கு அக்டோபர் 24-ஆம் தேதியும் விதைத்திருக்க வேண்டும். நடவு நாள்கள் முறையே டிசம்பர் 3, நவம்பர் 23. இரண்டும் புயல் காலத்தில் விழுகின்றன. ஆகையால் தைப்பூசச் சந்தையை மேட்டு நிலமுடையவர்களுக்கு விட்டுவிடுவதே விவேகம். தாழ்நிலத்தவர் மாசி முகூர்த்தங்களையும், மாசி மகத்தையும், பங்குனி உத்திரத்தையும் குறியாகக் கொள்ளட்டும். மார்கழியில் திருமணம் இல்லை. தை பிறந்தபின் தொடங்கும் முகூர்த்தங்கள் பங்குனி வரை நீளும். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்துக்கும் கிள்ளைக்கும் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் சுவாமிகளுக்கு மாலை இன்றியமையாதது.

தாழ்நிலத்துக்கு நான் சிபாரிசு செய்யும் கணக்கு வருமாறு:

முதல் தொகுதி: விதைப்பு நவம்பர் 10 அளவில், நடவு டிசம்பர் 10, முதற் பறிப்பு பிப்ரவரி 8.

இரண்டாம் தொகுதி: விதைப்பு நவம்பர் 25, நடவு டிசம்பர் 25, முதற் பறிப்பு பிப்ரவரி 23.

மூன்றாம் தொகுதி: விதைப்பு டிசம்பர் 10, நடவு ஜனவரி 9, முதற் பறிப்பு மார்ச் 10.

திருநாள்கள் திங்களின் வளர்பிறையை ஒட்டி ஆண்டுக்கு ஆண்டு முன்பின் ஆகும். எனவே ஆடி மாதத்திலேயே பஞ்சாங்கத்தைப் பார்த்து, இக்கணக்கைச் சில நாள் முன்னோ பின்னோ நகர்த்திக்கொள்ளலாம். ஆனால் கார்த்திகை 25-க்கு முன் தாழ்நிலத்தில் நாற்றை இறக்குதல் கூடாது.

‘மூன்று தொகுதி எதற்கு? ஒரே நாளில் நட்டால் வேலை சுலபமன்றோ?’ என்று கேட்கலாம். ‘தானே’ புயல் வந்தது மார்கழி நடுவில் என்பதை மறத்தலாகாது. மூன்று நாளில் நட்டவனிடமிருந்து ஒரு புயல் மூன்றையும் கொண்டுபோக முடியாது. மேலும் எல்லோரும் ஒரே நாளில் நட்டால் எல்லோர் பூவும் ஒரே வாரத்தில் சந்தையில் குவியும், விலை சரியும்.

3. எப்பூவைத் தேர்வது?

செண்டுமல்லி: துலுக்கச் சாமந்தி என்றும் கேந்தி என்றும் வழங்குவது இதுவே. மெக்சிகோ நாட்டைத் தாயகமாக உடையது. அந்நாட்டு மக்கள் நவம்பர் மாதத் தொடக்கத்தில் இறந்தோர் நினைவு நாளில் இப்பூவையே கல்லறைகளிற் குவிப்பார்கள். நம் நாட்டில் மாலைக்கும் தோரணத்துக்கும் முதலிடம் பெற்றுள்ளது. ஆண்டு முழுவதும் பூக்கும் இயல்புடையதாகையால் நாம் விரும்பிய நாளுக்கு வளைந்து கொடுக்கும்.

வாடாமல்லி: பெயரே குணத்தைச் சொல்கிறது. பறித்து நிழலில் உலர்த்தி வைத்தால் பல வாரங்களுக்கு நிறம் மாறாது. செண்டுமல்லிக்கு விலையில்லாத நாளில் அதனைக் கொட்டத்தான் வேண்டும். வாடாமல்லியையோ விலை வரும்வரை வைத்திருக்கலாம். பத்துச் சென்ட் செண்டுமல்லி நடுவோர் இரண்டு சென்டாவது வாடாமல்லி நடுதல், வீட்டில் சிறு சேமிப்பு வைத்திருப்பதற்குச் சமம்.

கோழிக்கொண்டை: பட்டுப் போன்ற சிவந்த கொண்டை உடையது. மாலைக்கு இடையிடையே வைத்துக் கட்ட உதவும். நீண்ட காம்போடு அறுத்தால் சாடியில் வைக்கும் கொய்மலராகவும் விலைபோகும். விதைத்து மூன்று மாதத்துக்குள் பூக்கும்.

டிசம்பர் பூ: வேலியோரத்துக்கு ஏற்ற புதர்ச்செடி. கொம்பை வெட்டி நட்டாலே வேர்விடும். கார்த்திகை, மார்கழியில், மல்லிகை அருகிப்போன பனிக்காலத்தில், பெண்கள் தலைக்குச் சூட இதனைத் தேடுவார்கள். ஒருமுறை வேலியில் வைத்தால் பல ஆண்டு பயன் தரும். நிலமில்லாதவரும் வீட்டு வேலியில் இதனை வளர்க்கலாம்.

சாமந்தியைப் பற்றி ஒரு வார்த்தை. செவ்வந்தி எனப்படும் இதனை ஏன் விட்டுவிட்டேன் என்று சிலர் கேட்பர். பகல் நீளும்போது தழைத்து, பகல் குறுகும்போது பூப்பது சாமந்தியின் இயற்கை. செடிகள் பகலின் நீளத்தை அறிந்து பூக்கின்றன என்னும் உண்மையை 1920-இல் அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்னும் இரு விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். இக்காரணத்தால் சாமந்தியை ஆனி, ஆடியிலேயே நட்டுத் தழைக்கவிட வேண்டும். அதன்பின் அது அடைமழை முழுவதையும் நிலத்திலேயே தாங்கியாக வேண்டும். நட்ட நாளைத் தள்ளிப்போட்டால் செடி தழையாமலே குட்டையாகப் பூத்துவிடும். வடிகாலுள்ள மேட்டு நிலமுடையோர் மட்டுமே இதனை முயலலாம்.

4. நாற்று வளர்ப்பு: நெசவாளர் பங்கு

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நெசவாளர் குடும்பம் படும் பாட்டை நெசவாள அங்கத்தினர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்து உலர்த்த வெயில் இராது. குழித்தறியில் ஊற்று நீர் ஏறும். கை சும்மா இருக்கும். வயிறு சும்மா இராது. குறிஞ்சிப்பாடி போன்ற நெசவூர்களிலும் இதே நிலைதான்.

பயிரிடுவோருக்கோ அதே மாதங்களில் நாற்று வளர்க்க இடமில்லை. நிலமெல்லாம் சேறு, நாற்றங்காலில் விதைத்தால் மழை விதையை அரித்துச் செல்லும், அல்லது இளநாற்று அடியழுகிச் சாயும். ஒருவரிடம் நிலம் இருக்கிறது, கூரையடி இடம் இல்லை; மற்றவரிடம் திண்ணையும் முற்றமும் ஓய்ந்த கைகளும் இருக்கின்றன. இவ்விருவரையும் சேர்த்து வைப்பதற்காகத்தானே சங்கம் இருக்கிறது!

முறை இதுவாகும். 98 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் குழித்தட்டுகளை வாங்குக. மக்கிய தென்னை நார்க்கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதையாக இடுக. விதையைக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சைப் பொடி கலந்து நேர்த்தி செய்தால் நாற்றழுகல் குறையும். சிறிதளவு விதைக்கு ஒரு சிட்டிகை போதும். முற்றத்தில் இடுப்பளவு உயரத்தில் மூங்கிற் பரண் கட்டி, தட்டுகளை அதன்மேல் வரிசையாக வைத்து, மேலே வளைந்த மூங்கிலின்மீது ஒளி ஊடுருவும் பாலிதீன் விரிப்பு போடுக. பக்கங்கள் திறந்திருக்கட்டும், காற்றோட்டம் அவசியம். புயல் எச்சரிக்கை வந்தவுடன் தட்டுகளைத் திண்ணைக்குள் ஏற்றிவிடலாம். நிலத்து நாற்றங்காலை இப்படித் தூக்கிச் செல்ல இயலாது.

கணக்கைப் பாருங்கள். ஒரு சென்ட் நிலத்துக்கு ஏறத்தாழ 250 நாற்றுத் தேவை. மூன்று தட்டுகளில் 294 குழிகள் உள்ளன. ஆகவே சென்டுக்கு மூன்று தட்டு. பத்துச் சென்டுக்கு முப்பது தட்டு. அவற்றை வைக்க ஏறக்குறைய 50 சதுர அடிப் பரண் போதும். செண்டுமல்லி விதை கிராமுக்கு ஏறக்குறைய 300 இருக்கும். பாத்தியில் தூவினால் சென்டுக்கு 6 கிராம் வேண்டும். தட்டில் இட்டால் ஒரு கிராமோ ஒன்றரைக் கிராமோ போதும். விலையுயர்ந்த வீரிய விதை வாங்குவோருக்கு இந்தச் சிக்கனம் ஒன்றே தட்டின் விலையைக் கொடுத்துவிடும்.

நாற்றின் விலையைச் சங்கத்தின் நிர்வாகக் குழு ஆடி மாதத்திலேயே தீர்மானித்தல் வேண்டும். பயிரிடுவோர் தமக்கு வேண்டிய எண்ணிக்கையைப் பதிவு செய்து, அட்டவணைப்படி நாளுக்கு நாற்றைப் பெற்றுக்கொள்வர். நாற்றுக்குரிய தொகையை நடும் நாளிலேயே சங்கம் நெசவாளருக்குக் கொடுத்துவிட வேண்டும். ‘பூ விற்றபின் தருகிறோம்’ என்னும் பேச்சுக்கு இடமளித்தலாகாது. மழைக்காலத்தில் வேண்டிய பணம் மாசியில் வந்து பயனில்லை.

5. நடவும் பராமரிப்பும்

மழை ஓய்ந்து நிலம் கால் புதையாத பதத்துக்கு வந்ததும் இரண்டு உழவு போதும். சென்டுக்கு 100 கிலோ மக்கிய தொழு எரு இடுக. பின்பு பார் கட்டி, பாருக்குப் பார் 45 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 35 சென்டிமீட்டர் இடைவெளியில், பாரின் பக்கவாட்டில் மாலை நேரத்தில் நடுக. வயலைச் சுற்றி ஓர் அடி ஆழமான வடிகால் வாய்க்கால் இல்லாமல் நடவேண்டாம். தாமதமாக வரும் ஒரு மழைக்கு அதுவே காப்பு.

அடியுரமாகச் சென்டுக்கு யூரியா 400 கிராம், சூப்பர் பாஸ்பேட் 2¼ கிலோ, பொட்டாஷ் அரைக் கிலோ. நட்ட 45-ஆம் நாள் மீண்டும் யூரியா 400 கிராம் இட்டு மண் அணைக்கவும். மண் பரிசோதனை செய்தவர்கள் அதன்படி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

நட்ட 30-ஆம் நாள் நடுத்தண்டின் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். வளர்ந்த செடியைக் கிள்ள மனம் வராது என்பது உண்மையே. கிள்ளாத செடி ஒற்றைத் தண்டாக ஓங்கி, காற்றில் சாயும். கிள்ளிய செடி பக்கக் கிளைகள் பல விட்டு, கிளைதோறும் பூக்கும். ஒரு செடியைக் கிள்ளியும் பக்கத்துச் செடியைக் கிள்ளாமலும் விட்டுப் பாருங்கள்; அதைவிடச் சிறந்த ஆசிரியர் வேறில்லை.

மாசி, பங்குனியில் வெயில் ஏற ஏற, இலையின் அடிப்புறத்தில் செஞ்சிலந்தி தோன்றும். இலை வெளிறி, மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அதுவே அடையாளம். தொடக்கத்தில் இலையின் அடிப்பாகம் நனையும்படி நீர் பீச்சுதலே பெரும்பாலும் போதும். மிகுந்தால் நனையும் கந்தகத்தூளை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கரைத்துக் காலை வேளையில் தெளிக்கவும். மொட்டைத் துளைக்கும் புழுவுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் நல்லது. 5 கிலோ பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டர் ஆக்கித் தெளிக்க வேண்டும்.

6. வரப்பில் வைக்கும் பூ

பூவுக்கென நிலம் ஒதுக்க இயலாதவர் காய்கறி வயலின் வரப்பிலும் ஓரத்திலும் செண்டுமல்லி வைக்கலாம். அது அழகுக்கு மட்டும் வைப்பதன்று. செண்டுமல்லியின் வேரில் சுரக்கும் ஒருவகைப் பொருள் மண்ணிலுள்ள வேர்முடிச்சு நூற்புழுக்களை ஒடுக்கும் தன்மையுடையது. கத்தரியும் தக்காளியும் இந்நூற்புழுவினால் வேர் முண்டு முண்டாகி வாடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

தக்காளியின் காய்ப்புழுவைச் செண்டுமல்லி தன்பால் இழுத்துக்கொள்ளும். இதனைப் பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஆய்ந்து, தக்காளி பதினாறு வரிசைக்கு ஒரு வரிசை செண்டுமல்லி வைக்குமாறு பரிந்துரைத்தது. இங்கும் நாள் கணக்கு உண்டு. 25 நாள் தக்காளி நாற்றோடு 40 நாள் செண்டுமல்லி நாற்றை ஒரே நாளில் நட வேண்டும். அப்பொழுதுதான் தக்காளி பூக்கும் சமயத்தில் செண்டுமல்லியும் பூத்து நின்று அந்துப்பூச்சியை அழைக்கும். பொறிப்பயிரில் புழுவேறிய மொட்டுகளை உடனே கிள்ளி அழித்துவிடல் வேண்டும்; தவறினால் நாமே பூச்சிக்குப் பண்ணை வைத்தவராவோம்.

7. பறித்தல்

செண்டுமல்லியை நன்கு விரிந்தபின், மூன்று நாளைக்கு ஒருமுறை, பனி உலர்ந்து வெயில் ஏறுமுன் பறிக்க வேண்டும். ஈரத்தோடு கோணியில் அடைத்தால் வெந்துவிடும். எடை கூட்டுவதற்காக நீர் தெளிப்பவர் ஒரு நாளைக்கு ஏமாற்றலாம். மறுநாள் அச்சங்கத்தின் கூடை முழுவதுமே சந்தையில் கடைசிக்குத் தள்ளப்படும்.

கொய்மலராக விற்கும் கோழிக்கொண்டையைக் கூரிய கத்தியால் சாய்வாக அறுத்து, அடியிலைகளை நீக்கி, உடனே வாளி நீரில் நிறுத்துக. நீருக்குள் இலை கிடந்தால் அழுகும். காம்பு நீர் ஏற்காது. அறுத்து இரண்டு மணி நேரமாவது நிழலில் நீர் குடித்தபின்பே கட்டுக் கட்ட வேண்டும்.

8. விற்பனையும் ஒற்றுமையும்

நல்ல பராமரிப்பில் செண்டுமல்லி ஹெக்டேருக்கு 18 டன், அதாவது சென்டுக்கு 73 கிலோ வரை தரும் என்பது ஆராய்ச்சிக் கணக்கு. கடன் மனுவில் அதில் பாதியை மட்டுமே எழுதுங்கள். பத்துச் சென்டுக்கு 365 கிலோ. இரண்டு மாதத்தில் சுமார் இருபது பறிப்பு. பறிப்புக்கு ஏறக்குறைய 18 கிலோ. இந்தப் பதினெட்டுக் கிலோவைத் தூக்கிக்கொண்டு ஓர் அங்கத்தினர் தனியே பேருந்தில் கடலூருக்கோ பண்ருட்டிக்கோ போனால், வண்டிச் சத்தமும் அன்றைய கூலியும் போக என்ன மிஞ்சும்? வழியில் மறிக்கும் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வருவதே நடக்கும். பத்துப் பேர் சேர்ந்தால் 180 கிலோ. ஒரு சிறிய சரக்கு வண்டிக்கு அது போதிய சுமை. எங்கு விலை அதிகமோ அங்கு வண்டியைத் திருப்பலாம்.

சிலர் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிடுகின்றனர். அதற்கு வட்டி இல்லையென்று மகிழவும் செய்கின்றனர். பூவின் விலையிலேயே அந்த வட்டி கழிக்கப்படுகிறது என்பதை, பருவம் முடிந்தபின்தான் காண்கின்றனர். பணம் தேவையாயின் சங்கத்தில் முறையாக மனுச் செய்க.

ஹாலந்து நாட்டில் ஆல்ஸ்மீர் என்னும் ஊர்ப் பூவிவசாயிகளும் ஒரு காலத்தில் தனித்தனியே வியாபாரிகளிடம் சிக்கித் தவித்தவர்களே. 1911, 1912-ஆம் ஆண்டுகளில் அவர்கள் சேர்ந்து இரண்டு கூட்டுறவு ஏலக்கூடங்களை ஏற்படுத்தினர். அவ்விரண்டும் 1968-இல் ஒன்றாயின. இன்று உலகின் மிகப் பெரிய பூ ஏல நிலையமாக விளங்கும் அதற்கு உரிமையாளர்கள் பூ வளர்ப்போரே. அங்கே ஏலம் உயர்ந்த விலையில் தொடங்கி இறங்கும். முதலில் நிறுத்துபவன் வாங்குவான். தாமதித்தால் பூ கைவிட்டுப் போய்விடும் என்ற அச்சம் அங்கு வாங்குவோனுக்கு. நமது சந்தையிலோ பூ வாடிவிடும் என்ற அச்சம் விற்போனுக்கு. இந்த அச்சத்தை இடம் மாற்றியதே அவர்களுடைய கூட்டுறவின் வெற்றி.

கூட்டு விற்பனையில் ஒரு சச்சரவு நிச்சயம் எழும். மாசி மகத்தன்று பூ கொண்டுவந்தவருக்கு ஒரு விலையும், மூன்று நாள் கழித்துக் கொண்டுவந்தவருக்கு ஒரு விலையும் கிடைக்கும். இதற்கு ஏற்ற வழி, தரம் பிரித்து, ஒரு வாரத்தில் வந்த ஒரே தரப் பூ முழுவதற்கும் அவ்வார விற்பனையின் சராசரி விலையைக் கொடுப்பதாகும். திருநாளன்று பறித்தவருக்கு இதில் சிறிது குறையும். ‘என் பூ விற்ற விலை எனக்கு வேண்டும்’ என்று அவர் கேட்பது இயல்பே. ஆனால் சங்கத்தின் சொற்படி நாள் தள்ளி நட்டவர் இல்லையேல், அன்று எல்லோர் பூவும் ஒருங்கே குவிந்து அவருக்கும் அவ்விலை கிடைத்திராது. இதனைப் பருவத் தொடக்கத்திலேயே பொதுக்கூட்டத்தில் பேசித் தீர்மானமாக எழுதி, எல்லோரும் கையொப்பமிடுதல் வேண்டும். சந்தையிலிருந்து வண்டி திரும்பியபின் பேசத் தொடங்கினால் சங்கம் இரண்டுபடும்.

முதலிற் குறிப்பிட்ட அங்கத்தினரைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். அவர் கடனுக்குத் தவணை நீட்டிப்புக் கேட்டார்; மனுவில் அடுத்த பயிர் இன்னதென்று எழுதும் இடம் வந்தபோது சிறிது யோசித்தார். “இனிப் பூவே வேண்டாம் என்று எழுதட்டுமா?” என்றார். “பூவை எழுதுங்கள், பக்கத்தில் நடும் தேதியையும் எழுதுங்கள்” என்றேன். நம் ஒவ்வொருவர் மனுவிலும் இனி அத்தேதி இருத்தல் வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. அடுத்த ஆண்டுப் பஞ்சாங்கத்தில் மாசி மகம், பங்குனி உத்திரம் எந்நாள்களில் வருகின்றன? நூறு நாளைக் கழித்து, விதைக்கும் நாளையும் நடும் நாளையும் எழுதுக.

2. உங்கள் சங்கத்து நிலங்களுள் 2024 டிசம்பரில் நீர் நின்றவை எவை, நில்லாதவை எவை? ஒரு பட்டியல் தயாரிக்க.

3. பரண் கட்ட முற்றமுள்ள நெசவாளர் குடும்பங்கள் எத்தனை? ஒரு தட்டு நாற்றுக்கு என்ன விலை கொடுத்தால் இரு தரப்பாருக்கும் நியாயமாகும்?

4. வாரச் சராசரி விலை முறையை ஆதரித்து ஒருவரும் மறுத்து ஒருவரும் பேசுக. பின்னர் எல்லோரும் கூடி முடிவு செய்க.